பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பயிற்சிக்கு அரசு நிதி: அந்தப் பணம் எங்கே செல்கிறது?

பள்ளிப் பேருந்து ஒன்று விபத்துக்குள்ளானால் மறுநாளே இரண்டு குரல்கள் எழுகின்றன. ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்கிறது ஒன்று. அதற்கெல்லாம் ஏற்கெனவே நிதி இருக்கிறது, யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்கிறது மற்றொன்று. இரு தரப்பினரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் பயிற்சி என்று எதைச் சொல்கிறீர்கள், நிதி என்பது யாருடைய கைக்கு எப்போது வந்து சேரும் பணம் என்று கேட்டால் பெரும்பாலும் தெளிவான விடை கிடைப்பதில்லை. பயிற்சி வேண்டும் என்று சொல்லும் விதி, அதற்கென்று எழுதப்படும் தொகை, ஓட்டுநர் பேருந்துக்குள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் மணிநேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. ஒன்று வந்துவிட்டால் மற்ற இரண்டும் தாமாகவே வந்துவிடும் என்ற நினைப்பில்தான் குழப்பமெல்லாம் தொடங்குகிறது. இதைப் பற்றி இதுவரை எதுவும் படித்திராதவர்களுக்காக, அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

உரிமம் வைத்திருப்பவருக்குப் பயிற்சி எதற்கு?

நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரை நம்பி நாற்பது குழந்தைகளை ஆற்றுக்கு அனுப்புவோமா? அவருக்கு நீச்சல் தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் யார் ஆழத்துப் பக்கம் நகர்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கவும், தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கவும், ஒரு குழந்தை தடுமாறும்போது மற்றவர்களைக் கரையேற்றவும் தெரியுமா என்பது வேறு கேள்வி. கனரக வாகன ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான். பெரிய வண்டியை ஓட்டத் தெரியும் என்பதற்கு அது சான்று. குழந்தைகளை ஏற்றி இறக்கத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது.

இதை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். பயிற்சியின் ஒரு பகுதியில், நின்றிருக்கும் பேருந்தைச் சுற்றிச் சிறிய கூம்புகளை வைப்பார்கள்: முன்பக்க பம்பரை ஒட்டி ஒன்று, முன்சக்கரத்தின் ஓரமாக ஒன்று, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒன்று. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, எல்லாக் கூம்புகளும் ஏதாவதொரு கண்ணாடியிலாவது தெரியும்வரை சரிசெய்ய வேண்டும். பம்பர் ஓரத்துக் கூம்பு இருக்கையிலிருந்து நேராகப் பார்த்தால் தெரியாது. முன்புறம் பொருத்திய குவிந்த கண்ணாடியில் மட்டுமே தெரியும். கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்த ஆறு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ அந்தக் கூம்பின் உயரம்தான். பேருந்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 10 அடி தொலைவைப் பயிற்சியாளர்கள் அபாய வளையம் என்பார்கள். ஓட்டுநரின் பார்வைக்குத் தப்பும் இடங்கள் அந்த வளையத்துக்குள்தான் அதிகம் இருக்கின்றன.

இதைத் தவிர, புகை கிளம்பினால் எந்தக் கதவு வழியாக யாரை முதலில் இறக்குவது, பின்னிருக்கையில் சண்டை மூண்டால் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்ன செய்வது, ரயில்வே கடவையை எப்படிக் கடப்பது என்பவையும் பயிற்சியில் உண்டு. அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து தண்டவாளத்துக்கு 15 அடிக்குக் குறையாமலும் 50 அடிக்கு மிகாமலும் நின்று, கதவையும் பக்கத்துச் சன்னலையும் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று கவனித்த பிறகே நகர வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். 1938 டிசம்பரில் யூட்டா மாநிலத்தில், பனிப்புயலின் நடுவே தண்டவாளத்தைக் கடந்த பள்ளிப் பேருந்து மீது ரயில் மோதியது. அந்தத் துயரத்துக்குப் பிறகு வலுப்பெற்ற வழக்கம் இது. கடைசி நிறுத்தம் முடிந்ததும் பின்னிருக்கை வரை நடந்து சென்று, தூங்கிப்போன குழந்தை எதுவும் இருக்கைக்கு அடியில் கிடக்கிறதா என்று பார்ப்பதும் பயிற்சியின் ஒரு பாடமே.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: உரிமம் பெறுவதற்கான பயிற்சி ஒன்று, பள்ளிப் பேருந்துக்கென்றே உள்ள பயிற்சி இன்னொன்று. நிதி என்று யாராவது சொன்னால், இவ்விரண்டில் எதற்கு என்பதே முதல் கேள்வி.

ஒரு நாள் பயிற்சியில் எவையெல்லாம் செலவு?

பயிற்சிச் செலவு என்றவுடன் பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. உண்மையில் பெரிய செலவுகள் எந்த ரசீதிலும் வருவதில்லை. பத்து ஓட்டுநர்கள் உள்ள ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு எட்டு மணிநேரப் பயிற்சி என்றால், வண்டி ஓடாத 80 மணிநேரத்துக்கு ஊதியம் கொடுக்க வேண்டும். பயிற்சியாளரின் ஊதியம் தனி. பயிற்சிக்காக ஒரு பேருந்தை ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கு எரிபொருளும் காப்பீடும் வேண்டும். பள்ளி நாளில் பயிற்சி வைத்தால் அன்றைக்கு மாற்று ஓட்டுநர் தேவை.

இதில் ஒரு சிக்கல் வெளியே தெரியாமல் இருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பலருக்குக் காலையில் சில மணிநேரம், மாலையில் சில மணிநேரம் என்று உடைந்த வேலை. ஓட்டிய நேரத்துக்கு மட்டுமே கூலி பெறும் இடங்களும் உண்டு. அவரைப் பார்த்து, நடுப்பகலில் வந்து உட்காருங்கள், பயிற்சி இலவசம் என்றால், இலவசம் என்ற சொல்லுக்கு அவரிடம் பொருளில்லை. அந்த நேரத்தில் அவர் வேறொரு வேலையில் சம்பாதித்திருப்பார். ஓட்டுநரின் நேரத்துக்குப் பணம் தராத பயிற்சி நிதி பாதி நிதிதான் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு கணக்கும் முக்கியம். வகுப்பறையில் ஒரு பயிற்சியாளர் நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்தலாம். பேருந்துக்குள் அப்படி முடியாது: ஒருவர் ஓட்ட, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். எனவே சக்கரத்தைப் பிடித்துக் கற்கும் ஒரு மணிநேரம், வகுப்பில் கழியும் ஒரு மணிநேரத்தைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த மணிநேரங்களே.

கிணறு வெட்டுவதும் நீர் இறைப்பதும்

கிணறு ஒருமுறை வெட்டினால் போதும். ஆனால் கயிறு தேயும், வாளி ஓட்டையாகும், தினமும் யாராவது இறைக்க வேண்டும். அரசு கணக்குகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. நிலம், கட்டடம், சோதனைத் தடம், சிமுலேட்டர் போன்ற நீண்டகாலம் நிற்கும் பொருள்களுக்கான பணம் மூலதனச் செலவு. பயிற்சியாளர் ஊதியம், எரிபொருள், ஓட்டுநரின் பயிற்சி நேர ஊதியம் போன்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவது தொடர்செலவு.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் ஓட்டுநர் பயிற்சி நிலையங்களை மூன்று அடுக்குகளாக வகுத்து, அவற்றை அமைப்பதற்கு நிதியுதவி அளிக்கிறது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் ஒன்றில் நடுத்தர, கனரக வாகனங்களுக்கான பாடத்திட்டம் ஆறு வாரங்களில் 38 மணிநேரம். இவை வரவேற்கத்தக்க ஏற்பாடுகள். ஆனால் இந்த உதவி முக்கியமாகக் கிணறு வெட்டும் வகையைச் சேர்ந்தது. பாடத்திட்டமும் கனரக வாகனம் ஓட்டுவதற்கானது. ஒரு பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் ஓட்டுநருக்கு ஆண்டுதோறும் கண்ணாடிப் பயிற்சியும் வெளியேற்றப் பயிற்சியும் தர இதிலிருந்து பணம் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மையம் திறந்த செய்தியைப் படித்துவிட்டு, இனி நம் ஊர் ஓட்டுநர்களுக்கெல்லாம் பயிற்சி கிடைத்துவிடும் என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

பள்ளியே செலவழிக்கட்டுமே, அரசு ஏன் தர வேண்டும்?

நியாயமான கேள்விதான். பேருந்து பள்ளியுடையது, கட்டணம் பெற்றோருடையது. பயிற்சிச் செலவையும் அவர்களே ஏற்கலாம் என்று தோன்றும். இதற்கு எதிராக இரண்டு காரணங்கள் உள்ளன. இரண்டாவதுதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது.

முதலாவது, நல்ல ஓட்டுநரால் பயன் பெறுபவர்கள் பேருந்துக்குள் இருப்பவர்கள் மட்டுமல்லர். சாலையில் சைக்கிளில் செல்பவரும், நடந்து செல்பவரும், வேறு பள்ளிக் குழந்தைகளும் பயன் பெறுகிறார்கள். பயன் ஊருக்கெல்லாம் பரவும்போது செலவை ஒருவர் மட்டும் ஏற்க முன்வருவது அரிது.

இரண்டாவது, பயிற்சி பெற்ற ஓட்டுநர் வேலை மாறலாம். ஒரு பள்ளி மாதக்கணக்கில் செலவழித்து ஒருவரை உருவாக்கும். கூடுதல் சம்பளம் தரும் சரக்கு நிறுவனமோ பக்கத்துப் பள்ளியோ அவரை அழைத்துக்கொள்ளும். செலவழித்தவருக்கு இழப்பு, செலவழிக்காதவருக்கு ஆதாயம். இந்த அச்சத்தால் எல்லாப் பள்ளிகளும் பயிற்சியைக் குறைத்தால், கடைசியில் எங்குமே பயிற்சி பெற்றவர் இருக்கமாட்டார். ஊர்ப்பொது ஏரியை ஒருவர் மட்டும் தூர்வாரத் தயங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பொதுப்பணம் நுழைய வேண்டிய இடம் இது. பயிற்சி பெற்றவர் இவ்வளவு காலம் பள்ளிப் பேருந்துப் பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிதி தருபவர்கள் சில சமயம் சேர்ப்பதும் இதனால்தான்.

பணம் எந்த வழியாகப் போகிறது?

உறவினர் ஒருவரின் பிள்ளையைப் படிக்கவைக்க நீங்கள் விரும்புகிறீர்கள். கட்டணத்தை நேராகக் கல்லூரிக்குக் கட்டலாம். பிள்ளையின் கையில் கொடுக்கலாம். முதலில் நீங்கள் கட்டிவிட்டு ரசீதைக் கொண்டுவாருங்கள், தருகிறேன் என்று பெற்றோரிடம் சொல்லலாம். மூன்றுமே உதவிதான், ஆனால் கையில் பணமில்லாத பெற்றோருக்கு மூன்றாவது வழி பயன்படாது.

அரசு நிதியும் இப்படியே நகர்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தரப்பட்டு, அந்த நோக்கத்துக்கே செலவழித்தால் திருப்பித் தர வேண்டியிராத பணத்தை மானியம் என்கிறோம். அதைப் பயிற்சி நிறுவனத்துக்குத் தரலாம். தனி ஆளுக்கும் தரலாம்: அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டின் தொழிலாளர் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், வேலை தேடுபவரின் பெயரில் பயிற்சிக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டு, அதைக் கொண்டு அவர் வணிக வாகன உரிமப் பயிற்சியும் பெற முடியும். அரசே பயிற்சியாளர்களை உருவாக்குவது மற்றொரு வழி. கலிஃபோர்னியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்குக் கற்பிப்பவர்கள் மாநிலக் கல்வித் துறையின் சான்று பெற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கான பாடத்தை அந்தத் துறையே நடத்துகிறது. இந்த வழி எனக்குப் பிடித்தமானது. நூறு ஓட்டுநர்களுக்கு ஒருமுறை பாடம் எடுப்பதைவிட, நூறு பேருக்கு ஆண்டுதோறும் பாடம் எடுக்கக்கூடிய ஒருவரைத் தயார்செய்வது நீடித்த பயன் தரும்.

முதலில் செலவழித்துவிட்டுக் கணக்குக் காட்டிப் பெறுவதற்குப் பெயர் செலவு மீளளிப்பு. அரசுக்கு இதில் பாதுகாப்பு அதிகம், ஏனெனில் நடக்காத பயிற்சிக்குப் பணம் போகாது. ஆனால் முன்பணம் போட வசதியில்லாத சிறிய பள்ளி விண்ணப்பிக்கவே தயங்கும். யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்று குறை சொல்லப்படும் நிதிகளில் இப்படிப்பட்டவையும் இருக்கும்.

நிதி பெறுபவரும் ஒரு பகுதியைப் போட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதைப் பங்குத்தொகை என்பார்கள். அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி மாநிலங்களுக்குச் செல்லும் பாதுகாப்பு நிதியில் பொதுவாக 80 விழுக்காடு மத்திய அரசுடையது, மீதி மாநிலத்தின் பொறுப்பு. அந்த நிதியில் குறைந்தது 40 விழுக்காடு உள்ளாட்சிகளைச் சென்றடைய வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கிறது. ஆனால் மது அருந்தி ஓட்டுதல், இருக்கைப் பட்டை, வேகக் கட்டுப்பாடு என்று பல தேவைகளோடு பள்ளிப் போக்குவரத்தும் இதே பானைக்குள்தான் கையை விட்டு எடுக்க வேண்டும்.

சுருக்கமாக, தொகை எவ்வளவு என்பதைப் போலவே, அது யார் கைக்கு, பயிற்சிக்கு முன்பா பின்பா, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதும் முக்கியம்.

விதி வந்தால் பணமும் வருமா?

வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு மேல்நிலை அரசு ஒன்றைக் கட்டாயமாக்கிவிட்டு, அதைச் செய்வதற்கான செலவைக் கீழே உள்ளவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதை நிதியில்லாக் கட்டாயம் என்று சொல்லலாம். வீட்டுக்குப் பெரியவர், நாளை முதல் எல்லோரும் புதுச் செருப்பு அணிய வேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டுக் கடைக்குப் பணம் தராமல் போவது போன்றது அது. அமெரிக்காவில் இந்தப் புகார் பெரிதாக எழுந்து 1995இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்தச் சட்டமும் இத்தகைய கட்டாயங்களை அடியோடு தடுக்கவில்லை. அவற்றின் செலவைக் கணக்கிட்டு முன்கூட்டியே வெளிப்படுத்தச் செய்தது.

2022 பிப்ரவரி 7 முதல் அந்நாட்டில், பள்ளிப் பேருந்து ஓட்டுவதற்கான மேலொப்பத்தை முதன்முறையாகப் பெறுபவர் அனைவரும் பதிவுபெற்ற பயிற்சியளிப்பவரிடம் பயின்றிருக்க வேண்டும் என்ற மத்திய விதி நடைமுறைக்கு வந்தது. மேலொப்பம் என்பது, அடிப்படை உரிமத்தின்மேல் குறிப்பிட்ட வகை வண்டிக்காகச் சேர்க்கப்படும் கூடுதல் அனுமதி. எழுத்துப் பாடத் தேர்வில் குறைந்தது 80 விழுக்காடு பெற வேண்டும். உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்கள் தாங்களே பயிற்சியளிப்பவராகப் பதிவு செய்துகொள்ளலாம். பல அப்படிச் செய்தும் இருக்கின்றன. ஆனால் விதியோடு சேர்த்து ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் பயிற்சிப் பணம் அனுப்பப்படவில்லை. மானியம் வேண்டுமென்றால் தனியே தேடி விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1997இல் பிறப்பித்த உத்தரவுகள், பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் குறைந்தது 5 ஆண்டு கனரக வாகன அனுபவம் வேண்டும் என்றன. அனுபவத்தைக் கேட்பது எளிது, அதற்கு அரசு செலவும் இல்லை. அது தேவையான தகுதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் சரக்கு ஏற்றி ஐந்து ஆண்டு ஓட்டியவர், குனிந்த குழந்தையைத் தேடிக் குவிந்த கண்ணாடியைப் பார்க்கும் பழக்கத்தை அந்த ஐந்து ஆண்டில் கற்றிருக்க வாய்ப்பில்லை. அதை யாராவது கற்றுத்தர வேண்டும், கற்றுத்தருவதற்கு யாராவது பணம் தர வேண்டும்.

அறிவிப்பிலிருந்து வகுப்பறை வரை

அறிவிக்கப்பட்ட தொகை முழுவதும் செலவான தொகை அல்ல. சம்பளம் உயரும் என்று முதலாளி சொல்வதும், அது வங்கிக் கணக்கில் ஏறுவதும், அரிசியாகி உலைக்குப் போவதும் வெவ்வேறு நாளில் நடக்கின்றன. ஒரு திட்டத்துக்கு இவ்வளவு என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுவது ஒதுக்கீடு. அதிலிருந்து தவணைகளாகப் பணத்தை அனுப்புவது விடுவிப்பு. பெற்ற பணத்தைச் சொன்ன நோக்கத்துக்கே செலவழித்தோம் என்று பெற்றவர் எழுதித் தருவது பயன்பாட்டுச் சான்றிதழ். இந்தியாவில் மத்திய மானியங்களுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம். முந்தைய தவணைக்கு அது வராவிட்டால் அடுத்த தவணை நின்றுபோகும். பயிற்சி நடந்திருக்கும், தாள் நகர்ந்திருக்காது, அடுத்த குழு காத்துக்கிடக்கும். ஒதுக்கீட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பாராட்டுவதும் திட்டுவதும் இந்த இடைவெளியைப் பார்க்கத் தவறுகின்றன.

மணிநேரமா, திறனா?

நிதி தருபவர் எதையாவது எண்ணியாக வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணிநேரம் இருந்தார்கள் என்பவையே எண்ணுவதற்கு எளியவை. கலிஃபோர்னியா புதிய ஓட்டுநருக்குக் குறைந்தது 40 மணிநேரம் கேட்கிறது. அதில் பாதியாவது சக்கரத்தின் பின்னால் கழிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறைப் பேருந்து ஓட்டுநர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை 35 மணிநேரப் பயிற்சி பெற வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு வெளியான பொதுநெறியின் வழி வந்தது. மேலே சொன்ன அமெரிக்க மத்திய விதி மணிக்கணக்கு எதையும் விதிக்கவில்லை. ஓட்டுநர் திறன் பெற்றுவிட்டார் என்று பயிற்சியாளர் தீர்மானித்தால் போதும்.

மணிநேரம் எண்ணுவது முரட்டுத்தனமான அளவுகோல் என்பார்கள் சிலர். தூங்கிக்கொண்டே 35 மணிநேரத்தைக் கடத்திவிடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் திறனை மட்டும் கேட்டால், பணமும் நேரமும் குறைந்த இடத்தில் தீர்மானம் சீக்கிரமே எடுக்கப்பட்டுவிடும். சக்கரத்தின் பின்னால் கழியும் மணிநேரத்துக்கு மட்டுமாவது ஒரு கீழெல்லை வைத்து, அந்த மணிநேரங்களுக்கான செலவைப் பொதுநிதி ஏற்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. வகுப்பறைப் பகுதியைப் பள்ளிகள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும்.

புத்தாக்கப் பயிற்சிதான் எங்கும் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. ஏற்கெனவே பணியில் இருப்பவருக்குப் பழையதை நினைவூட்டிப் புதியதைச் சேர்த்துத் தரும் பயிற்சி அது. புதிய ஓட்டுநரைச் சேர்ப்பதற்கான நிதி செய்தியாகிறது, ஏனெனில் ஆள் பற்றாக்குறை எல்லோருக்கும் தெரிகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே தடத்தில் ஓட்டும் ஒருவர், வண்டியைத் தொட்ட நாளிலிருந்து கண்ணாடியை ஒருமுறைகூடக் கூம்பு வைத்துச் சரிபார்க்கவில்லை என்பது யாருக்கும் தெரிவதில்லை. கலிஃபோர்னியாவில் அவர் ஆண்டுக்கு 10 மணிநேரம் மீண்டும் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஓட்டுநர் பயிற்சி பற்றிப் பேச்சு வந்தால், புதிதாகச் சேருபவர்களைப் பற்றிக் கேட்பதோடு, பழைய ஓட்டுநர்கள் கடைசியாக எப்போது பயிற்சிக்குச் சென்றார்கள், அன்றைய கூலி அவர்களுக்குக் கிடைத்ததா என்றும் கேளுங்கள்.